மாரிக்கு எடுத்த பெண் பார்க்கும் படம்

வேர்வையில் ஊறிய பவுடர் வாசம்... கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவை நினைத்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள், பெண்பிள்ளையான நான்தான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. கேமராவுக்குப் பின்னால் நிற்பது மட்டும் சுகமாக இருந்தது.

ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் ஒரு 50 எம்எம் லென்ஸ் இருந்தது. அதன் துவாரம் 1.4 வரை அகலத் திறக்கும். அப்படி முழுசாகத் திறந்து, கிட்டத்தில் நின்று கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கண் மட்டும் பளிச்சென்று நிற்கும். காதே கரைந்துவிடும்...

பக்கத்து வீட்டு மாரி, பெண் பார்க்கும் படம் எடுக்க வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அங்கே ஒருநாள் பற்றிய தீயில், காதுக்குக் கீழே கழுத்து வரை தழும்பு. அன்றைக்குத் தலையை இழுத்து வாரி, சடையைப் பின்னால் போட்டிருந்தாள்.

"தெரியட்டும்ட்டி. பாத்துட்டு வாரவன் வரட்டும்."

தலையாட்டினேன். ஆட்டிவிட்டு 1.4-ல் எடுத்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைப்பு. என் கைத்திறமை மேல் கர்வமும்தான்.

பிரிண்டை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகளிடம் காட்டாமலே கயத்தாறு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு கையில் படத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மாரியின் நாடியைப் பிடித்து முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"படத்துல கழுத்து வழவழன்னு இருக்கு. எங்கள என்ன கேனைன்னு நெனச்சியளோ?"

மாரி அப்போதுதான் அந்தப் படத்தையே பார்த்தாள். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

சாயங்காலம் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஏட்டி, நான் மறைக்கச் சொன்னேனா?"

"அந்த லென்ஸே அப்படித்தான்ட்டி... அன்னைக்கு வெளிச்சம் வேற பத்தல."

"நான் ஒன்னயத் தப்பா நெனச்சிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கையை எடுக்கவில்லை.

அப்புறம் கழுகுமலையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அந்த மாப்பிள்ளை படமே கேட்கவில்லை, நேரில் வந்து பார்த்துச் சம்மதம் சொன்னார்.

இப்போது போனில் ஒரு தட்டு தட்டினால் முகம் தவிர எல்லாம் மங்கிவிடுகிறது. அன்றைக்குப் பெரிய வித்தையாகத் தெரிந்தது, இன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்வது. அப்படி ஒரு படம் கண்ணில் பட்டாலே எனக்கு முகம் சுடுகிறது...

நான் இதை எழுதும் இந்த வாட்ஸ்அப் குரூப்பில்தான் மாரியும் இருக்கிறாள். நேரில் சொல்ல இத்தனை வருஷமாக வாய் வரவில்லை.

மாரி, அது லென்ஸ் செய்த வேலை இல்லை. வெளிச்சம் நன்றாகவே இருந்தது.