முத்துநாயகம் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை

கம்பிக்கதவின் கொண்டிச் சத்தம் கேட்டதும் முத்துநாயகம் அண்ணன் முதலில் வலது காலைத்தான் எடுப்பார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளாலும் பிடித்து, அலமாரியில் பூச்சாடி வைப்பதுபோல அதை இடது கால்மேல் வைப்பார். பிறகு வேட்டியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, பேப்பரை விரிப்பார். வந்தவர் முற்றம் கடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உள்ளே நுழைகிறவர் காண்பது, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உலக விவகாரம் படிக்கும் ஒரு கனவானை. அந்தக் கால்கள் பதினைந்து வருடமாகத் தாமாக அசைந்ததில்லை என்று புதிதாக வருகிற யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்பதுதான் ஏற்பாடே.

கருங்கல் பக்கம் எங்கள் ஊரில் அவருக்கு அடுத்த வீடு என்னுடையது. அண்ணன் வெள்ளையடிப்புக்காரர். ஒரு டிசம்பர் மாதம், கிறிஸ்துமசுக்காக எங்கள் சபைக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் கட்டிய கயிறு விட்டது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. ஆனால் அவர் முன்னால் யாராவது "நீங்க விழுந்த வருசம்" என்று பேச்செடுத்தால் உடனே திருத்துவார்.

"விழல்ல, கேட்டியளா. எறங்குனேன். எறக்கம் கொஞ்சம் வேகமா போச்சு, அவ்வளவுதான்."

வேலை போனாலும் வேலையின் கர்வம் போகவில்லை. ஜன்னல் வழியே தெரியும் வீடுகளுக்கெல்லாம் அவர் விமர்சகர். வளைகுடாப் பணத்தில் எழும் மாடிவீடுகளின் நிறங்கள் அவருடைய தினசரித் துக்கம். "மருமவன் மஸ்கட்டுலேருந்து காச அனுப்புனான், மாமியாரு கத்தரிக்கா கலர் அடிச்சா. அதப் பாத்தா பல்லு கூசுது மக்கா," என்பார். வீடு கட்டுகிறவர்கள் பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் யோசனை கேட்க வருவதுண்டு. ஒரு மணிநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: வெள்ளை. என் வீட்டுக்கும் அதையே சொன்னார். நான் இளமஞ்சள் அடித்தேன். இரண்டு மாதம் என்னோடு பேச்சு குறைந்தது.

மீசைக்கு வாரம் ஒருமுறை சாயம். சட்டைக்குக் கஞ்சி. மூத்திரம் போக வைத்த டியூபும் அதன் நுனியில் தொங்கும் பையும் வேட்டிக்குள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மடிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆட்டோ முற்றத்துக்குள்ளேயே வரவேண்டும். மழை இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் படுதா இறக்கவேண்டும். தன்னை ஒருவர் தூக்குவதை ஊர் பார்க்கக்கூடாது. அதனாலேயே அவர் கோயிலுக்கும் போவதில்லை. போதகர்தான் வீடு தேடி வருவார். அவர் வந்தாலும் கால்மேல் கால்தான்.

அவரைத் தூக்குவது மகள் பெமிலா. அண்டியாபீசில் வேலை, முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அம்மா நேசம்மாள் இறந்தபிறகு அப்பாவின் பொறுப்பு முழுவதும் அவளுடையது. கணவன் கேரளாவில் கொத்துவேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறவன். பெமிலா அதிகம் பேசமாட்டாள். அந்த வீட்டில் அப்பா பேச்சுக்கு இடம் விட்டால்தானே.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருட வாக்கில், உதவித்தொகை வாங்குகிறவர்களை மறுபடி சரிபார்க்க ஓர் அதிகாரி வீடுவீடாக வந்தார். அண்ணனுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. பெமிலா வேலைக்குப் போயிருந்தாள். கொண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் காலை எடுத்து வைத்தார். மீதியை என் வீட்டு ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன், கேட்டேன்.

"முத்துநாயகம் யாரு?"

"நான்தான் சார். வாங்க, இரிங்க. காப்பி குடிக்கியளா?"

"உங்களுக்கு என்ன குறை?"

"கர்த்தருக்க கிருபையில ஒரு கொறையும் இல்ல சார்."

"நடப்பீங்களா?"

"ஆவசியம் வந்தா நடக்கலாம். இப்ப எங்க போவதுக்கு?"

அதிகாரி நின்றபடி அவரைப் பார்த்தார். கருகருவென்ற மீசை, கஞ்சி போட்ட சட்டை, தான் நிற்கும்போது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் தோரணை. ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். "நல்ல மனுசன். மரியாதையா பேசுனான்," என்று அண்ணன் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அதற்கடுத்த மாதம் பணம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பெமிலா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்த கிளார்க் கோப்பைப் பார்த்துச் சொன்னார்: ஆள் நல்ல ஆரோக்கியமாக இருப்பதாக ரிப்போர்ட்.

பெரிய பணம் ஒன்றுமில்லை அது. ஆனால் டியூபும் பையும், படுத்துப் படுத்து வரும் புண்ணுக்கு மருந்தும் அதில்தான் வாங்கினார்கள். அண்ணன் தாமாகவே ஒரு சிக்கனத்திட்டம் வகுத்தார். வெள்ளம் குடித்தால்தானே பை நிறையும். குடிக்காவிட்டால் ஒரு பையை ரெண்டு மடங்கு நாள் ஓட்டலாமே. மகளிடம் சொல்லவில்லை. அவள் வைத்துவிட்டுப் போகும் செம்புத் தண்ணீரை ஜன்னல் வழியே துளசிச் செடிக்கு ஊற்றினார். செடி கொழுத்தது. அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து, நினைவு தப்பி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தண்ணீர் குடிக்காததால் வந்தது என்று டாக்டர் சொல்லித்தான் பெமிலாவுக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு அந்த வாரச் சம்பளமும் போயிற்று.

திரும்பி வந்த அன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, ஒரு மனு எழுதணும். மேல உள்ள ஆபீசருக்கு," என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. உருக்கமாகவே எழுதினேன். தப்பு செய்தது அதை அண்ணனிடம் வாசித்துக் காட்டியதில்தான்.

"'நடக்க இயலாத நிலையில்' எதுக்குவே? 'நடப்பதில் சிறு சிரமம்' போதும்."

"அண்ணே, சிறு சிரமத்துக்குப் பணம் தரமாட்டான்."

"'பரிதாபத்துக்குரிய'ண்ணு ஒண்ணு கெடக்கே, அத வெட்டும்."

வெட்டினேன். 'படுக்கையில்' என்ற சொல்லும் போனது. கடைசியில் மனுவைப் பார்த்தால், ஏதோ ஒரு சௌக்கியமான மனிதர் அதிகாரியின் நலம் விசாரித்து எழுதியதுபோல இருந்தது. பெமிலா அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, "முதல்ல எழுதுனதயே எழுதித் தாங்க மாமா," என்றாள்.

மனு போய், ஆளை நேரில் கொண்டுவரச் சொல்லிப் பதில் வந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. மாடிப்படி எல்லா ஆபீசிலும் உண்டு. விசாரணை மாடியில். லிஃப்ட் கிடையாது. அண்ணன் ஆட்டோவில் படுதாவுக்குள் இருந்தார்; அன்று மீசைக்குப் புதுச் சாயம் வேறு. நானும் பெமிலாவும் கீழே இருந்த ஊழியரிடம் போனோம்.

"ஆள மேல வரச் சொல்லுங்க," என்றார் அவர்.

"அவருக்கு ஏற முடியாது சார். அதச் சொல்லத்தான் வந்திருக்கோம்," என்றாள் பெமிலா.

"அத மேல வந்து சொல்லச் சொல்லுங்கம்மா."

பெமிலா ஆட்டோவுக்குத் திரும்பிவந்து படுதாவைத் தூக்கினாள். வராந்தா முழுக்க ஆட்கள். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "நல்ல கூட்டமா இருக்கு பிள்ளே. இன்னொரு நாளு வரலாம்."

அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். திரும்பி நின்று முதுகைக் கொடுத்தாள். நான் பின்னாலிருந்து தூக்கிவிட்டேன். அண்ணன் மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். வராந்தா அமைதியாக வழிவிட்டது. பாதிப் படியில் அவள் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். அப்போது அண்ணன் கண்ணைத் திறந்தார். சுவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"பழைய சுண்ணாம்பச் சொரண்டாமலே அடிச்சிருக்கானுவ," என்றார்.

"அப்பா, வாய மூடுங்க," என்றாள் பெமிலா.

மேலே அதிகாரி ஒரு பெண்மணி, நடுத்தர வயது. எங்கள் பக்கம் பார்க்காமலே நாற்காலியைக் காட்டிவிட்டு, கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணனை உட்கார வைத்தோம். பெமிலா முகம் துடைத்த அந்த நொடிக்குள் அவர் வலது காலைத் தூக்கி இடது கால்மேல் வைத்து, வேட்டியை இழுத்துவிட்டுவிட்டார். நான் பல்லைக் கடித்தேன். அதிகாரி நிமிர்ந்தபோது எதிரில் இருந்தது அந்தப் பழைய கனவான்.

"எப்படி மேல வந்தீங்க?" என்றார் அதிகாரி.

"படி வழியாத்தான் மேடம். வேற வழி இல்லியே."

அதிகாரியின் பேனா தாளில் இறங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெமிலா மேஜைமேல் கைவைத்துவிட்டாள். முந்திரி எண்ணெய் அரித்துக் கறுத்துப்போன கை.

"மேடம், எங்க அப்பா பொய் சொல்லமாட்டாரு. படி வழியாத்தான் வந்தாரு. ஏறுனது நான்."

பேனா நின்றது. ஆனால் பெமிலா அதிகாரியோடு பேசி முடித்துவிட்டாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்லண்ணா எனக்கு எதுக்குப்பா நடுமுதுகு நோவுது? ராத்திரியில எந்திச்சி எந்திச்சி ஒங்களப் பெரட்டிப் போடுயது ஆரு? புண்ணக் களுவுயது ஆரு? நான் ஒருநாளாவது மொகம் சுளிச்சேனா? நீங்க ராசா மாதிரி இரிங்க. எனக்கும் அதுதான் ஆசை. ஆனா நீங்க வெள்ளம் குடிக்காம கெடந்து செத்துப்போனா, பின்ன நான் ஆருக்கு சட்டைக்குக் கஞ்சி போடுவேன்? எனக்காக ஒரே ஒருதடவ, முடியாதுண்ணு சொல்லுங்கப்பா."

அவ்வளவு பேச்சை அவள் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்று அவர் முகம் சொன்னது. அறையிலிருந்த மற்ற மேஜைகளும் வேலையை நிறுத்தியிருந்தன. அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை சுவரைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக வலது காலைத் தூக்கிக் கீழே வைத்தார். கீழே வைப்பதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்தார். ஈர்க்கில்போல மெலிந்த இரண்டு கால்கள். பக்கத்தில் டியூபும் பையும்.

"இது ரெண்டும் எனக்க பேச்சக் கேட்டுப் பதினஞ்சு வருசமாச்சு மேடம்," என்றார். "சும்மா கூடவே வருதுவ." கொஞ்சம் நிறுத்தினார். "முடியாது. எழுதிக்கிடுங்க. நடக்க முடியாது."

அதிகாரி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து பார்த்தார். "வீட்டுக்கு வந்தவர் இதப் பாக்கலியா?"

"அந்த ஆளுக்க மேல தப்பில்ல. நான் காட்டல்ல."

அதிகாரி தாமே குனிந்து வேட்டியை இறக்கிவிட்டார். "இனிமே உங்களுக்கு ஏதாவது வேணும்னா சொல்லி அனுப்புங்கய்யா. நான் கீழ வாறேன்," என்றார். ரிப்போர்ட்டை அங்கேயே மாற்றி எழுதினார். பணம் மறுபடி வரத் தொடங்கியபோது மழைக்காலம் வந்துவிட்டது. இடையில் நின்றுபோன மாதங்களுக்குரியது வரவேயில்லை. அதற்கும் ஒரு மனு எழுதலாம் என்றேன். "வேண்டாம்வே, ஒம்ம மனுவப் படிச்சா எனக்கே அழுகை வருது," என்றுவிட்டார் அண்ணன். பின்வாசல் மனுவை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

விசாரணை முடிந்து அன்று திரும்பும் வழியில் பெமிலா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தை முக்கில் ஆட்டோ நின்றது. சாயங்காலக் கூட்டம். எதிரே சாயாக்கடையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து பழம்பொரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி ஊர் அங்கே நின்றிருந்தது. அதில் பாதிப் பேருக்கு அண்ணன் வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"பொதிஞ்சு வாங்கட்டாப்பா? வீட்டுல போய்த் தின்னலாம்," என்றாள் பெமிலா.

"வீடு போறதுக்குள்ள ஆறிப்போவும்," என்றார் அண்ணன். படுதாவைத் தானே சுருட்டி மேலே சொருகினார். கடையின் பெஞ்சைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி நீட்டினார்.