ஒரே தோள்

ஜெயரூபிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் தன் வலியைப் பற்றி மகளுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார்; சொன்னால் அது பிள்ளைக்கும் வந்துவிடுமாம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்குத் துணி தோய்ப்பவர். இந்த இரண்டு கொள்கைகளையும் ஒரே கொடியில் காயப்போட்டு வைத்திருந்தார்.

சுனாமி அவரையும் தம்பி ரஜீவனையும் ஒரே தென்னையில் கொண்டுபோய் அடித்தது. ரஜீவனுக்கு நெற்றியில் ஒரு தழும்பு. "மரம் என்னை அடிச்சதோ, நான் மரத்தை அடிச்சனோ எண்டு தென்னையைத்தான் கேக்கோணும்" என்று சிரிப்பார். படுத்தால் நிம்மதியாக உறங்குவார். ஜெயரூபியின் இடது தோளில் எலும்பு எப்போதோ பொருந்திவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அவருடைய தாய் பத்மாசனியும் தொண்ணூறாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகு, கதைத்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, முதுகைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். மகள் லோஜனாவுக்கு இவை எதுவும் தெரியாது. அவள் வீட்டில் நிற்கும்போது, வலி முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்க, ஜெயரூபி வலக்கையால்தான் வாளி தூக்குவார்.

லோஜனா அலைக்குப் பிறகு பிறந்தவள். போன மாசியில் நிலாவெளி வீதியில் அவள் போன ஆட்டோ வலப்பக்கம் சாய்ந்தது. கூட இருந்த தோழி அந்த வாரமே வேலைக்குப் போனாள். லோஜனாவின் வலக்கைக் காயமும் ஆறியது. பிறகு ஒரு மத்தியானம், கொடியில் விரிப்புகள் அசையாமல் தொங்க, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, கடல் சத்தம் நிண்டிட்டுது."

கடல் வழக்கம்போல இரைந்துகொண்டுதான் இருந்தது. ஜெயரூபியின் வாளி கீழே விழுந்தது. அலை வருவதற்குச் சற்று முன் கடல் அப்படித்தான் அடங்கியது; அதை அவர் ரஜீவனுக்குக்கூடச் சொன்னதில்லை. லோஜனாவின் வலக்கை, அவளுக்குத் தெரியாமலே, இடது தோளைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மகளைக் கதிரையில் இருத்திவிட்டு ஜெயரூபி பின்னால் நின்றார்.

"குடும்பத்தில வேற ஆருக்கும் இப்படி வலியும் பயமும் இருந்திருக்கா?" என்று கேட்டார் டொக்டர் அசனா.

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லுங்கோ, அம்மா. ஒரே அடி ரெண்டு பேருக்கு விழும். ஒராளுக்கு ஆறிடும், மற்றவருக்கு வலியும் பயமும் தங்கிடும். அப்படித் தங்கிற தன்மை சிலருக்கு ரத்தத்திலயே கொஞ்சம் வரும். வந்தாலும் கட்டாயம் தங்கும் எண்டில்ல. தெரிஞ்சா வேளைக்கே வைத்தியம் பார்க்கலாம்."

"நினைவும் ரத்தத்தில வருமோ, டொக்டர்?"

"சே, அது வராது." டொக்டர் சிரித்தார். ஜெயரூபி சிரிக்கவில்லை.

பேய் என்றால் நூல் கட்டி மறிக்கலாம். ரத்தத்துக்கு எங்கே கட்டுவது? சொன்னால் வந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தார், சொல்லாமலே வந்துவிட்டது.

"எனக்கு இருக்கு" என்றார். "என்ரை அம்மாவுக்கும் இருந்தது."

லோஜனா திரும்பினாள். "எப்பயிருந்து?"

"நீ பிறக்க முந்தி, பிள்ளை."

"எந்த இடத்தில வலிக்குது?" என்று டொக்டர் ஜெயரூபியிடம் கேட்டார்.

இரண்டு வலக்கைகள் ஒன்றாக எழுந்து இரண்டு இடது தோள்களைத் தொட்டன.

எழுதிக்கொண்டிருந்த டொக்டர் அசனாவின் பேனை நின்றது. பிறகு தாதியைக் கூப்பிட்டு, ஜெயரூபிக்கும் இன்னொரு கதிரை கொண்டுவரச் சொன்னார்.