அத்தானின் முக்குளிப்புக் கடிகாரம்

ராஜபாளையத்தில் கடல் இல்லை. ஆனாலும் என் அத்தானின் கையில், கடலில் முக்குளிப்பவர்களுக்கென்றே செய்த அலாரக் கடிகாரம் இருந்தது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய சாமான் கடையில் வாங்கியதாம். பேட்டரி கிடையாது. நேரத்துக்கு ஒரு திருகு, அலாரத்துக்கு ஒரு திருகு, இரண்டுக்கும் தனித்தனியாகச் சாவி கொடுக்க வேண்டும்.

அதன் சரித்திரத்தை அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அலாரக் கைக்கடிகாரம் முதலில் வந்தது, கூட்டத்துக்குப் போக மறக்கிற பெரிய மனிதர்களுக்காகத்தானாம். தண்ணீருக்கடியில் இருப்பவனுக்கு நேரம் போவது தெரியாது என்பது பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. கையோடு ஒட்டியிருந்தால் சத்தம் அமுங்கிவிடும் என்று, பின்மூடிக்கு மேல் துளை போட்ட இன்னொரு மூடி வைத்தார்கள். காதில் விழாவிட்டாலும் மணிக்கட்டில் அதிரும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, குளிக்கப் போகும்போது அத்தான் அதைக் கழற்றி பீரோவில் வைப்பார். தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமாம்.

போன கோடையில் சுந்தரபாண்டியத்தில் இருக்கும் எங்கள் தோட்டக் கிணற்றில், மோட்டார் குழாயின் அடி நுனியில் தண்ணீரை உறிஞ்சும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வர இரண்டு நாளாகும் என்றார்கள். நான் இருக்கும்போது ஆள் எதற்கு என்று அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்கா மன்றாடிப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

“பத்தே நிமிசம். அலாரம் அடிக்கையில மேல இருக்கணும்,” என்றாள்.

அத்தான் ஒழுங்காக அலாரம் வைத்தார். பிறகு எங்கள் பக்கம் கிணற்றில் இறங்குகிற எவரும் செய்வதைச் செய்தார். சட்டை, சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, கரையில் நின்ற என்னிடம் கொடுத்துவிட்டுக் குதித்தார். நானும் வெகு பொறுப்பாக வாங்கிக்கொண்டேன். எங்கள் மூன்று பேருக்குமே அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

இரண்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கினார். மூன்றாவது முறை உள்ளே இருந்தபோது என் கையில் அலாரம் அலறியது. தண்ணீர் அசையவில்லை. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு நீச்சல் தெரியாது. அடித்துக்கொண்டிருந்த கடிகாரத்தை அப்படியே கிணற்றுக்குள் எறிந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

செத்த நேரத்தில் அத்தானின் தலை தெரிந்தது. படியில் உட்கார்ந்து இருமினார். அக்கா அழுதுகொண்டே துண்டெடுக்கப் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

“மேல வரணும்னே தோணல மாப்ள. இப்படியே இருந்துரலாம்னு இருந்துச்சு. என்னமோ கிர்ருனு காதுக்கிட்ட போச்சு, அதான் வந்தேன்.”

அக்காவுக்கு இது தெரியாது. அம்புட்டு நல்ல கடிகாரத்தைக் கிணற்றில் போட்ட கூறுகெட்டவன் என்று, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள். அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டுகிறார்.