நாலாம் மாடிக் குழாய்

மாடி வீடுகளில் புறா வராமலிருக்க வலை கட்டுவது அவர் தொழில். இடுப்பில் கயிறு, மறுமுனை ஜன்னல் கம்பியில். பதினோரு வருடமாக வேலை முடிந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே வசனம்: "இனி கொசுதான் வரணும், அதுவும் என்னைக் கேட்டுட்டு."

நாலாம் மாடி வீடொன்றில் குளியலறைச் சுவரிலிருந்து வெளியே நீட்டியிருந்த குழாய்க்குள் புறா கூடு கட்டியிருந்தது. யாரும் சொல்லாமலே கூட்டை எடுத்தார், குழாயின் வாயில் பஞ்சைத் திணித்து சிமெண்ட் பூசினார். அந்தப் பூச்சின் நேர்த்தியில் அவருக்குப் பெருமை.

ஆறு வாரம் கழித்து வேறொரு வீட்டில் அதேபோல் ஒரு குழாயை அடைக்கப் போனபோது, அங்கே கீசர் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"யோவ், குளிக்கிறவங்களைக் கொல்லப் போறியா? கேஸ் கீசர் புகை வெளிய போற வழி அது. அடைச்சா உள்ளயே நிக்கும். வாடை வராது, கண்ணு எரியாது. தலை சுத்தும், விழுவாங்க. கதவைத் திறக்க ஆளில்லைன்னா அவ்வளவுதான்."

அன்றைக்கே நாலாம் மாடிக்குப் போனார். வலை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். கயிற்றில் தொங்கியபடி சிமெண்டைக் கொத்தி எடுத்தார்.

உள்ளே வந்தபோது மாமியார் இடுப்பில் குழந்தையுடன் நின்றிருந்தாள். மருமகள் குளியலறையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாளாம். வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழந்தையை அவளிடம் தருவதில்லை.

"நான் பச்சைத் தண்ணியில குளிக்கிறவ, எனக்கு ஒண்ணுமில்லை. இந்தக் காலத்துப் பொண்ணுங்க உடம்பே அப்படி. புறாத் தொல்லையாவது உங்க புண்ணியத்துல தீர்ந்துச்சு."

"உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டு நாள் கழித்து மனைவியிடம் சொன்னார்.

"அதான் எடுத்துட்டீங்களே?"

"குழாயிலேர்ந்து எடுத்துட்டேன். அந்தப் பொண்ணு இன்னும் மாத்திரை முழுங்குதே."

"அப்ப சட்டையை மாட்டுங்க. என் மூஞ்சியைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

கதவைத் திறந்தது மருமகள்தான். அவர் வாசலில் நின்று, அவள் காலைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

அவள் திட்டவில்லை. "முந்தாநாள் வந்தப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஆஸ்பத்திரியில் மாமியார், குழந்தை, வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் சொன்னது டாக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"யார் அடைச்சதுன்னு சொன்னீங்க?"

இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.