பொய் சொல்லத் தெரியாத மெசின்

நாவற்குடாவில் பாலசுந்தரியின் வீட்டில் ஆட்டுக்குத்தான் அதிக வேலை. அது பால் கொடுத்த காலம் முடிந்துபோனது. இப்போது கதை சுமக்கிற ஆடு.

மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. மகள் றஞ்சிதா இருக்கும்வரை அவள்தான் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக் கதையையும் கடத்தினாள். 2004 மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, கரைவலை மீன் வாங்கப் போனவளைக் கடல் கொண்டுபோனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருசம் கழித்து அவளுடைய தம்பி சதீஸ்குமாரை, ரியூசன் விட்டு வரும் வழியில், இயக்கத்துக்கென்று ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வன்னியில் நிற்கிறான் என்று ஒரு கதை மட்டும் வந்தது. வீட்டில் மிஞ்சியது பாலசுந்தரி, மருமகன் விஜிதரன், ஆடு.

"இஞ்ச ஆடே, தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்லு," என்பாள் பாலசுந்தரி.

"ஆடே, சீனி காணாது எண்டு சொல்லு," என்பான் விஜிதரன்.

ஆடு இரண்டு பேரையும் பார்த்தபடி வாழைத்தோலை மெல்லும்.

வீடு பெண்ணுக்குக் கொடுத்த சீதனம். பெண்சாதி போனால் புருசன் தாய்வீட்டுக்குப் போய்விடுவதுதான் முறை. விஜிதரன் போகவில்லை. பக்கத்து வளவுப் புஸ்பம் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டாள்.

"என்ன சுந்தரியக்கா, சரக்கு முடிஞ்ச பிறகும் சாக்கு கிடக்கு?"

"உன்ட வீட்டிலயா கிடக்கு? உன்ட ஆணம் அடிப்பிடிக்குது, ஓடிப்போய்ப் பாரு."

சாக்கு ஏன் கிடக்கிறது என்று பாலசுந்தரிக்கு மட்டும் தெரியும். சாக்கு நாவல் எழுதியது.

பகலில் கடையில் றேடியோ திருத்துகிற விஜிதரன், பின்னேரத்தில் தடித்த சீ.ஆர். கொப்பியைத் திறந்துகொண்டு எழுதக் குந்துவான். கதை நடப்பது 2090ஆம் ஆண்டில். வானத்தில் கார் பறக்கிறது, சந்திரனில் சந்தை கூடுகிறது; கல்லடிப் பாலம் மட்டும் அப்போதும் ஒடுக்கமாகத்தான் கிடக்கிறது. ஒரு மனிதன் செத்துப்போன பெண்சாதியின் பேச்சையெல்லாம் ஊட்டி, அறிவுள்ள மெசின் ஒன்றைச் செய்கிறான். அந்த மெசினுக்கு இரண்டு விசயம் தெரியாது. ஒன்று பொய், மற்றது சாவு.

பாலசுந்தரி தூசி தட்டுகிற சாட்டில் கொப்பியை வாசித்தாள். ஏழாம் பக்கத்தில் மெசின் சொன்னது: "என் அன்பே, உணவு தயாராக உள்ளது."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட நாடகத்தில் நிற்க வைத்தது போலிருந்தது. பென்சிலை எடுத்து அதை வெட்டி, ஓரத்தில் எழுதினாள்: 'இவள் அப்படிச் சொல்லமாட்டாள். சோறு போட்டிரிக்கு, வந்து தின்னுங்க. ஆறினா என்னைக் கேளாதீங்க.'

மறுநாள் அந்தப் பக்கம் திருத்தி எழுதப்பட்டுக் கிடந்தது. அன்றிலிருந்து கொப்பி மேசையில் திறந்தே இருந்தது, பக்கத்தில் சீவிய பென்சிலோடு. ஆட்டிடம் யாரும் இதுபற்றி மூச்சும் விடவில்லை.

இப்படியே நாலு வருசம். அவன் எழுதினான், அவள் திருத்தினாள். மெசின் மெல்ல மெல்ல மூக்கை உறிஞ்சப் பழகியது, புளி விலைக்குச் சண்டை பிடித்தது. காதல் வருகிற பக்கங்களை மட்டும் பாலசுந்தரி மரியாதைக்காக ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். ஓரிடத்தில் அந்த மனிதன் கேட்கிறான், "நான் செத்தா நீ என்ன செய்வாய்?" மெசின் சொல்கிறது, "எனக்குச் சாகத் தெரியாதே. உங்களை நினைச்சுக்கிட்டு நான் எவ்வளவு காலத்துக்கு ஓடிக்கிட்டு இரிக்கிற?" அந்தப் பக்கத்தில் அவள் எதையும் திருத்தவில்லை. அடுப்புப் புகை என்று ஆட்டிடம் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்னது. பாலசுந்தரி மகனின் படத்தோடு வவுனியா முகாம்களுக்கு இரண்டு தடவை போய்வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற எல்லாப் பெடியன்களும் தூரத்தில் அவன் மாதிரியே தெரிந்தார்கள். கிட்டப் போனால் ஒருவனும் அவனில்லை.

இரண்டாம் தடவை போய்த் திரும்பிய அன்று கால் முகம்கூடக் கழுவாமல் மேசைக்குப் போனாள். பென்சிலை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: 'மகள், உன்ட தம்பி எங்க? நீ பொய் சொல்லமாட்டாய்.'

அடுத்த நாள் பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விஜிதரன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பினான். மூன்று கிழமை கொப்பி அந்தக் கேள்வியோடு திறந்தே கிடந்தது. பாலசுந்தரி ஒவ்வொரு காலையும் தூசி தட்டினாள். தட்டத் தூசியே இல்லாத மேசை.

இருபத்திரண்டாம் நாள் எழுத்து இருந்தது.

'தங்கள் மகன் சதீஸ்குமார் கடந்த பங்குனி மாதம் மாத்தளன் பகுதியில் ஷெல் வீச்சில் மரணமடைந்தார். இத்தகவலை உடனிருந்த ஒருவர் கடைக்கு வந்து தெரிவித்தார்.'

இரண்டு தரம் வாசித்தாள். அரசாங்கக் கச்சேரிக் கடுதாசி மாதிரி இருந்தது. வேறு எப்படி எழுதுவது என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. பென்சில் வழமைபோலச் சீவித்தான் கிடந்தது. அதை எடுத்தாள். இரண்டு வரியையும் வெட்டினாள். றஞ்சிதா தம்பியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

'இவள் அப்படிச் சொல்லமாட்டாள்,' என்று ஓரத்தில் எழுதினாள். பிறகு கீழே, எழுத்துச் சரிந்து சரிந்து போக: 'அம்மா, கறுவல் இனி வரமாட்டான். படலையைப் பாத்துக்கிட்டு இரிக்காதீங்க.'

முற்றத்துக்கு வந்தாள். விஜிதரன் ஆட்டுக்குப் பக்கத்தில், கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

"மருமகன்."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவன் அந்த வீட்டுக்கு மருமகனாக வந்த பத்து வருசத்தில் அவள் அவனை நேரே கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"அந்த மெசினை நிப்பாட்டுங்க. பாவம் அவள், இனி ஒண்டும் சொல்ல வேணாம்."

"ஓம் மாமி."

உள்ளே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஆடு இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதனிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.