மாடியில் கவிழ்த்த தயிர்ச்சட்டிகள்

தொண்ணூறுகளின் கடைசியில், கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியில் ஒரு வீட்டின் மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். பகலில் தூங்க வேண்டிய மனிதர். ஏப்ரல் பிறந்தால் எங்கள் கூரை தோசைக்கல் ஆகிவிடும். மின்விசிறி அந்தச் சூட்டை வழித்து அவர் முகத்தில் கொட்டும்.

"இன்னொரு கோடை என்னால முடியாதுடி. சென்னைக்கே மாத்தல் கேட்டுடறேன்" என்பார், ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு.

கல்யாணமானதிலிருந்து ஊர் ஊராக மூட்டை கட்டியவள் நான். இந்த ஊரில்தான் தட்டுத் தடுமாறி வங்காளம் பேசக் கற்று, பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் எனக்கென்று ஒரு வேலையும் பிடித்திருந்தேன். மாற்றல் என்றால் எல்லாம் போச்சு. ஆகவே அவரைத் தூங்க வைப்பது என் தலையாய கடமை ஆயிற்று.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குத் தெரு கிளப் பையன்கள் தெர்மகோலில் ஓர் அரண்மனையே கட்டியிருந்தார்கள். பூஜை முடிந்ததும் தூணும் சுவரும் வழக்கம்போல எதிர்க் குளத்துக்குப் போகவிருந்தன. ஐஸ் பெட்டிக்குள் வைக்கும் சரக்காயிற்றே, கூரைமேல் பரப்பினால் சூடு இறங்காதே என்று எனக்குப் பளிச்சென்று தோன்றியது. குளமும் பிழைக்கும், புருஷனும் தூங்குவார்.

"நின் பௌதி, ஷப் நின்!" எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று பையன்களே மாடிக்குச் சுமந்து வந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த, நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் வீட்டுக்கார அம்மாளும் தலையாட்டினார். பரப்பி, மேலே செங்கல் வைத்தோம்.

மார்ச்சில் அறை நிஜமாகவே குளுகுளுவென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியில் யார் சிக்கினாலும் பிடித்து வைத்துக்கொண்டு விரிவுரை ஆற்றினேன். வெயில் குடித்துக் குடித்து அந்தப் பலகைகள் அப்பளமாக நொறுங்கக் காத்திருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

ஏப்ரலில் முதல் கால்பைஷாகி வந்தது. கோடைச் சாயங்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கும் புயல் அது. எங்கள் தெர்மகோல் கூரை மொத்தமும் உடைந்து, மணி மணியாகப் பறந்தது. பெஹாலாவில் பனி பெய்கிறதென்று பிள்ளைகள் கைகொட்டி ஆடினார்கள். மறுநாள் குளத்தின் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது.

சில நாளில் மாஷிமா என்னை அடுக்களைக்கு அழைத்தார். குளத்து மீனில் அவருக்கும் பங்கு உண்டு. அரிவாள்மணை அருகே வயிறு பிளந்து கிடந்த மீனுக்குள் வெள்ளை மணிகள்.

"ஏடா கீ, பௌமா? என்னம்மா இது? உன் கூரையை என் மீன் தின்னிருக்கு!" என்றார் வங்காளத்தில்.

மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள், பொத்த மறந்து நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. முழுப் பலகையாகக் குளத்தில் விழுந்திருந்தால் தூக்கி வெளியே போட்டிருக்கலாம். நான் அதைப் பொடித்தல்லவா ஊட்டியிருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை கிளப் பையன்களும் நாங்களும் பழைய கொசுவலையால் குளத்தை அரித்தோம். மாஷிமா படித்துறையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே எல்லாருக்கும் டீ ஊற்றினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த என் கணவர் மெதுவாக வாயைத் திறந்தார்.

"எங்க ஊர்ப் பக்கம் மாடியில சட்டியக் கவுத்து அடுக்கி, மேல சுண்ணாம்பு போடுவாங்க. உள்ள இருக்கற காத்து சூட்ட விடாது."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ எங்க பேச விட்ட?"

சட்டிக்கு எங்கே போவது என்ற கேள்வியே கல்கத்தாவில் எழாது. நம் சித்திரையான வைசாக மாதம் பிறந்து கல்யாணங்கள் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் வந்த மண்சட்டிகள் குப்பையில் மலையாகக் குவியும். தெருவே சேர்த்துக் கொடுத்தது. அவசரக்குடுக்கையான நான் சரியாகக் கழுவாமல் அடுக்க, பேட்டை எறும்பெல்லாம் பந்திக்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி கழுவினோம். பிறகு கொத்தனார் சுண்ணாம்பும் செங்கல்தூளும் குழைத்துப் பூசினார். சட்டி சுட எரிந்த விறகு எரிந்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் உடைந்தால் மண்ணோடு மண்ணாகும், மீன் வயிற்றில் போய் உட்காராது.

மே மாதம் ஒரு மதியம் சென்னையிலிருந்து அவருடைய நண்பர் போன் செய்தார். "இங்க ஒரு இடம் காலியாகுது. வேணுமா வேண்டாமான்னு உடனே கேட்டுச் சொல்லுங்க" என்றார். ரிசீவரை மேசைமேல் வைத்தேன். உள்ளே போய் அவரை உலுக்கி விஷயத்தைச் சொன்னேன். பாதிக் கண்ணைத் திறந்தார்.

"என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"தூங்கறேன்னு சொல்லு."

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மே மாத மதியத்தில் போர்வை! ஓடிப்போய் ரிசீவரை எடுத்து, அவர் தூங்குகிறார் என்று சொன்னேன். இருந்த சந்தோஷத்தில் அதை வங்காளத்தில் சொல்லிவிட்டேன்.