டிரைவர் சாப்பாடு

ஓசிச் சோறு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கோத்தகிரி போகிற ரோட்டில், கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். நாலு மேஜை. சுற்றுலா வருகிறவர்கள் அங்கே இறங்க மாட்டார்கள். இறங்கினாலும் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறிக்கொள்வார்கள். போகட்டும், அவர்களை நம்பி நான் கடை போடவில்லை. எனக்குப் பிழைப்புக் கொடுத்தது அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் டிரைவர்கள். பார்ட்டியைத் தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுக்க இறக்கிவிட்டு, ஓடி வந்து இலை முன்னால் உட்காருவார்கள். "அக்கா, கொள்ளு ரசம் இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்பார் ஒருவர். அப்பளம் நமுத்துப்போச்சு என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர். அந்தக் குளிருக்கு நமுத்துப்போகாமல் என்ன செய்யும்? இருந்தாலும் திரும்பப் பொரித்துக் கொடுப்பேன்.

பிறகு இரண்டு வளைவு மேலே ஒரு ரெஸ்டாரன்ட் வந்தது. சுவருக்குப் பதில் கண்ணாடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே தேயிலைச் சரிவு தெரியும், வண்டி நிறுத்தத் தாராளமாக இடம். அதெல்லாம் அவர்கள் சாமர்த்தியம், வயிறெரிய ஒன்றுமில்லை. ஆனால் பார்ட்டியைக் கூட்டி வந்தால் டிரைவருக்குச் சாப்பாடு சும்மா என்று அறிவித்துவிட்டார்கள். ஊட்டியில் பெரிய இடங்களில் நடப்பதுதான். என் வளைவுக்கு அதுவரை வரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளிலேயே என் மேஜைகள் காலி. போகிறவர்கள் பேசாமல் போகக்கூடாதா? என் கடை வந்ததும் ஒரு ஹாரன் அடித்து, கையை ஆட்டி, பல்லைக் காட்டிவிட்டுப் போவார்கள். பாசமாம்! அந்த ஹாரனைத் தாளித்தா நான் குழம்பு வைப்பது?

மற்றவர்களைத் திட்டித் தீர்க்கலாம். என் வீட்டுக்காரரை என்ன செய்ய? அவரும் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிறவர். அவரும் மேலேதான் நிறுத்தினார்.

"பார்ட்டிக்கு பாத்ரூம் வேணும், பார்க்கிங் வேணும். நம்ம கடையில எங்கம்மா இருக்குது?" என்றார்.

"பார்ட்டி அங்கயே திங்கட்டுமுங்க. நீங்க எறங்கி வந்து நம்ம சோத்தைத் திங்கறதுக்கு என்னங்க கேடு?"

வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமே! தினமும் அவருக்கென்று ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பேன். சாயங்காலம் அதை நானே தின்பேன். இதற்கு நடுவில் கட்டடக்காரர் வேறு, "ஏனுங்க அம்மணி, கடையை வெச்சுக்கறீங்களா உடறீங்களா? சாக்லேட் கடைக்கு ஒருத்தர் கேக்கறாரு" என்று வந்து நின்றார். வைத்துக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். விட்டால் திரும்பவும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கத்தான் போக வேண்டும். அதிலிருந்து தப்பித்துத்தானே இந்த அடுப்பைப் பற்ற வைத்தேன்.

சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரோடு முழுக்க வண்டி, என் கடையில் ஈ காக்கை இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி, விடுவிடுவென்று மேலே ஏறினேன். கண்ணாடிக்குள் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவரையும் காணோம். "டிரைவருங்களா? பின்னாடி போங்க" என்று வாட்ச்மேன் கைகாட்டினார்.

பின்னாடி, பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. காலி சிலிண்டர்களுக்கு நடுவே நீளமாக ஒரு பெஞ்சு. கழுவின தண்ணீர் காலடியில் ஓடுகிறது. தட்டில் காய்ந்துபோன பிரியாணிச் சோறு, நேற்றையதோ முந்தாநாளையதோ. அப்பளத்துக்கு என்னிடம் சண்டை போட்ட மகராசன்கள் வரிசையாக உட்கார்ந்து, மூச்சுக் காட்டாமல் அதைத் தின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர், மடியில் தட்டோடு.

"நல்லா இருக்குங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன். "இன்னொரு கரண்டி போடச் சொல்லட்டுங்களா?"

அத்தனை தலையும் குனிந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து வந்து, "சத்தம் போடாதம்மா, பார்ட்டிக்குக் கேட்டுரும்" என்றார்.

"கேக்கட்டுமுங்க! என்ற கையால தின்ன வாய்க்கு இதுங்களா கேக்குது? வெக்கமா இல்லீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் இங்க தின்னுட்டா, என்ற பங்கையும் நீ வித்துக்குவியேன்னுதான்."

அடப்பாவி மனுஷா! இத்தனை நாள் அந்த நாற்றத்தில் உட்கார்ந்து இந்தக் கருமத்தைத் தின்றது என் கடையைக் காப்பாற்றவாம். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் இன்னும் கூடியது.

"யாருக்குங்க விக்கறது?" என்றேன்.

அவர் திரும்பி அந்தப் பெஞ்சைப் பார்த்தார். என் கடைக்கு வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் அதில்தான் இருந்தார்கள். அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கையில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கடையை உட்டுரலாமா?" என்றார்.

"வாயைக் கழுவுங்க! அதைச் சொல்ல நீங்க யாரு? உடறதா இருந்தா நானே சொல்லிக்கறேன்" என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் கட்டடக்காரரிடம் நானே சொன்னேன்.